பசினி: குடலிறக்கத்திற்குப் பின்சுவர் கட்டியவர்

பந்திங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தோல் பட்டை அறிமுகமான ஒன்று. இடுப்பைச் சுற்றி வரும் வார். தொடையிடுக்கில் அழுத்துவதற்கு ஒரு திண்டு. என் தாத்தா காலையில் சட்டை போடுவதற்கு முன்பே அதைக் கட்டிக்கொள்வார். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் அவர் பால்மரத்திலிருந்து குலை சுமக்கும் வேலைக்கு மாறினார். ஒரு குலை இருபது கிலோ வரை கனக்கும். நாள் முழுவதும் குனிந்து தூக்குகிறவனுக்குக் குடல் இறங்காமல் இருந்தால்தான் வியப்பு என்று தோட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்களாம். அவருக்கும் இறங்கியது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஐந்தாண்டு கழித்து அதே பக்கம் மீண்டும் இறங்கியது. வேறொரு மருத்துவமனையில் மறுபடியும் அறுத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. அதன்பிறகு அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. பட்டையோடே காலத்தை ஓட்டிவிட்டார்.

அவருடைய பழைய மருத்துவச் சீட்டு ஒன்றில் சிகிச்சையின் பெயர் ஒரே சொல்லாக எழுதப்பட்டிருந்தது: பசினி. அது மருந்தின் பெயர் என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவரும் ஒரு காலத்தில் தொடையிடுக்கில் புண்ணோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது. மருத்துவத் துறை மாணவ நண்பர்கள் இந்தப் பெயரைத் தேர்வுக்காக மனனம் செய்திருப்பார்கள். மற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது என்பதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

எடோவார்டோ பசினி 1844ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இத்தாலியின் வடபகுதியிலுள்ள பாவியா நகரில் பிறந்தார். அப்போது இத்தாலி என்றொரு நாடே கிடையாது. சிற்றரசுகளாகவும் அந்நியர் ஆட்சிப் பகுதிகளாகவும் சிதறிக் கிடந்த நிலம் அது. பாவியாவோ ஆஸ்திரியர்களின் பிடியில் இருந்தது. கரிபால்டியின் பெயரைக் கேட்டாலே இளைஞர்களின் இரத்தம் கொதித்த காலம். பசினி 1866இல் பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வயது இருபத்திரண்டு. பட்டம் கையில் வந்ததும் மருத்துவமனை தேடிப் போயிருக்க வேண்டியவர், கரிபால்டியின் தொண்டர் படையில் சேர்ந்தார். அதுவும் மருத்துவராக அல்ல, துப்பாக்கி ஏந்திய சாதாரணச் சிப்பாயாக!

அடுத்த ஆண்டு நடந்ததுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. இத்தாலி பெரும்பாலும் ஒன்றுபட்டுவிட்டாலும் ரோம் மட்டும் இன்னும் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. நகருக்குள் எழும் கிளர்ச்சிக்குத் துணையாக ஆயுதங்களோடு உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று என்ரிக்கோ கைரோலி, ஜொவான்னி கைரோலி என்ற பாவியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பியர் திட்டமிட்டனர். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட தொண்டர்கள் அவர்களோடு டைபர் ஆற்று வழியே இறங்கினர். அவர்களில் ஒருவர் பசினி. ஆனால் நகருக்குள் எதிர்பார்த்த கிளர்ச்சி அடங்கிப்போயிருந்தது. 1867 அக்டோபர் 23ஆம் நாள், ரோமாபுரிக்கு வெளியே வில்லா குளோரி என்ற மேட்டில் போப்பின் படையினர் அவர்களைச் சூழ்ந்தனர். என்ரிக்கோ அங்கேயே மாண்டார். தம்பி ஜொவான்னி படுகாயத்தோடு பிழைத்து, இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனார். இன்று அந்த மேடு ரோம் நகரத்தார் மாலையில் உலாவும் பூங்காவாக இருக்கிறது.

பசினியின் வலது தொடையிடுக்கில் துப்பாக்கி முனைக் கத்தி பாய்ந்தது. கத்தி வயிற்றுச் சுவரைத் துளைத்துப் பெருங்குடலின் தொடக்கப் பகுதியையும் கிழித்துவிட்டது. சிறைபிடிக்கப்பட்ட அவரை ரோமின் சாந்தோ ஸ்பிரிட்டோ மருத்துவமனையில் கிடத்தினார்கள். காயத்தின் வழியே மலம் கசியத் தொடங்கியது. கிருமிகளைப் பற்றி மருத்துவர்களே சரிவர அறியாத அந்நாளில் வயிற்றில் இப்படியொரு காயம் பட்டவர் பிழைப்பது அரிது. மாதங்கள் சென்றன. விடுவிக்கப்பட்டுப் பாவியாவுக்குத் திரும்பியபோதும் அந்தத் துளை மூடவில்லை. அங்கே அவருடைய ஆசிரியரும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருமான லுயிஜி போர்த்தா அவரைக் கவனித்துக்கொண்டார். துளை மெல்ல மெல்லத் தானாகவே மூடிக்கொண்டது.

தொடையிடுக்கில் ஏற்பட்ட அந்தக் காயம்தான் அவரைப் பின்னாளில் தொடையிடுக்குக் குடலிறக்கத்தின் பக்கம் திருப்பியது என்று எழுதிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். அப்படி அவர் கருதினார் என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆகவே அந்த ஆசையை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் உறுதி. கட்டிலில் கிடந்து, அடுத்த வேளை என்ன ஆகுமோ என்று காத்திருக்கும் நோயாளியின் நிலையை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

உடல் தேறியதும் போர்த்தாவின் உதவியாளரானார். பிறகு ஐரோப்பாவைச் சுற்றினார். வியன்னாவில் பில்ரோத், பெர்லினில் லாங்கன்பெக், மூனிக்கில் நுஸ்பௌம், இலண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ், லிஸ்டர் என்று அக்காலத்துப் பெரிய கைகள் அனைத்தையும் அருகிருந்து பார்த்தார். அறுவைக்கு முன்னும் பின்னும் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளை ஒடுக்கும் லிஸ்டரின் முறையை இத்தாலிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் பசினியும் ஒருவர். லா ஸ்பெட்சியா நகர மருத்துவமனையில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1882இல் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1888இல் அங்கேயே அறுவைச் சிகிச்சைத் துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

இனி அவருடைய முக்கியமான பணிக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ளத் தொடையிடுக்கின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி அடிவயிற்றுச் சுவருக்குள் சாய்வான ஒரு குறுகிய நடைபாதையாக எஞ்சிவிடுகிறது. ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளம். அதற்கு உட்புறம் ஒரு கதவு, வெளிப்புறம் ஒரு கதவு. நடைபாதையின் பின்சுவர் மெல்லிய திசுப்படலத்தால் ஆனது. இருமல், தும்மல், பாரம் தூக்குதல், முக்குதல் என்று வயிற்றின் அழுத்தமெல்லாம் வந்து மோதுவது அந்தப் பின்சுவரில்தான். அது தளர்ந்தாலோ உட்கதவு விரிந்தாலோ குடல் ஒரு பைக்குள் புகுந்து கீழே இறங்கும். இதைத்தான் நம் பாட்டிமார் குடல் இறக்கம் என்கிறார்கள். இறங்கிய குடல் திரும்ப முடியாமல் நெரிபட்டு இரத்த ஓட்டம் தடைபட்டால் உயிருக்கே ஆபத்து.

பசினிக்கு முன்பிருந்தவர்கள் பெரும்பாலும் வெளிக்கதவோடு நின்றுவிட்டார்கள். பையை அங்கே கட்டி அறுப்பார்கள். வெளித்துளையைச் சுருக்கித் தைப்பார்கள். சிலர் புண்ணைத் தைக்காமலே விட்டு, தழும்பு தடித்து வழியை அடைக்கும் என்று காத்திருந்தார்கள். பலன்? பத்தில் மூன்று நான்கு பேருக்கு ஓராண்டுக்குள்ளேயே மீண்டும் இறங்கிவிடும். நான்காண்டு தாண்டினால் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுவை செய்துகொண்ட பின்னும் நோயாளி தோல் பட்டையை அணிந்தே ஆக வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். பட்டை கட்டத்தான் வேண்டும் என்றால் எதற்காக அறுக்க வேண்டும்? பசினியும் தொடக்கத்தில் பழைய முறைகளையே செய்து பார்த்துத் தோல்வியைக் கண்டவர்தான்.

1884இல் அவர் புதிய முறையைக் கையாண்டார். வெளிக்கதவில் நிற்காமல் நடைபாதையின் முன்சுவரையே முழுவதுமாகத் திறந்தார். விந்துக்குழாயும் இரத்தக் குழாய்களும் அடங்கிய கொடியைப் பக்குவமாகப் பிரித்து ஒதுக்கினார். பையை உட்கதவுக்கும் மேலே கொண்டுபோய்க் கட்டினார். அதன்பின் மற்றவர்கள் தொட அஞ்சிய இடத்தைத் தொட்டார். தளர்ந்துபோன பின்சுவரின் படலத்தை உட்கதவிலிருந்து இடுப்பெலும்பு வரை வெட்டித் திறந்து, அந்தப் படலத்தையும் அதற்கு மேலுள்ள இரண்டு தசைகளையும் சேர்த்து மூன்றடுக்காகப் பிடித்து, கீழேயுள்ள உறுதியான தசைநாரோடு பட்டு நூலால் தனித்தனித் தையல்களாகத் தைத்தார். புதிய பின்சுவர் உருவானது. அதன்மேல் கொடியைக் கிடத்தி, முன்சுவரை மூடினார். சாய்வான நடைபாதை, உட்கதவு, வெளிக்கதவு எல்லாம் இயற்கை வைத்தபடியே மீண்டும் அமைந்தன. ஓட்டை போன வீட்டிற்கு வாசலில் பலகை அடிப்பதை விட்டுவிட்டுச் சுவரையே எழுப்பிய கொத்தனாரின் வேலை அது.

1887இல் ஜெனோவாவில் கூடிய இத்தாலிய அறுவை மருத்துவர்களின் முன் தம் முறையை விளக்கினார். 1889இல் பதுவாவில் நூலாக வெளியிட்டார். 1890இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்பவரும் ஏறக்குறைய இதே வழியைத் தனியே கண்டறிந்திருந்தார். யார் முதல்வர் என்ற சண்டை சில காலம் நடந்தது. நமக்கு அது வேண்டாம்.

என்னை ஈர்த்தது அந்தக் கட்டுரையின் கணக்கு. மொத்தம் 262 அறுவைகள். அவற்றில் குடல் நெரிபட்டு அவசரமாகச் செய்தவை 11. மீதி 251. அந்த 251க்கும் அவர் கணக்குக் காட்டினார். ஓராண்டு முதல் நாலரை ஆண்டு வரை கவனித்து நலமாக இருந்தவை 108. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை 33. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை 98. மீண்டும் இறங்கியவை 7. ஒருவர் இறந்தார். என்ன ஆயிற்று என்று தெரியாதவை வெறும் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்!

கைத்தொலைபேசி இல்லாத காலம். நோயாளிகள் கிராமத்து மக்கள். அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர் என்ன ஆனார் என்று தேடிப்போய் அறிந்து, தோல்வியையும் மறைக்காமல் அச்சிட்ட மருத்துவர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இன்றைய ஆராய்ச்சி மாணவர் ஒருவர் குறை கண்டுபிடிக்கலாம். 98 பேரை ஆறு மாதத்திற்கு மேல் கவனிக்கவில்லையே, குடலிறக்கம் ஐந்து பத்து ஆண்டு கழித்தும் திரும்புமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்க முடிவதே அவர் கணக்கைத் திறந்து வைத்ததால்தான்.

அவருடைய பிற்கால வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். தொடைக் குடலிறக்கத்திற்கும் 1893இல் ஒரு முறையை வகுத்தார். குடல், சிறுநீரக அறுவைகளிலும் பெயர் பெற்றார். 1904இல் இத்தாலியின் செனட்டராக நியமிக்கப்பட்டார். 1919இல் பதுவாவில் ஓய்வு பெற்றார். 1924 ஜூலை 19ஆம் நாள் வெரோனாவுக்கு அருகிலுள்ள வீகாசியோவில் காலமானார். வயது எண்பது.

மனிதர் மறைந்தார். அவர் வகுத்த முறைக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் வேதனையான கதை.

பசினியின் முறை கடல் கடந்து பரவியது. உலகெங்கும் அறுவைக் கூடங்களில் அவர் பெயர் ஒலித்தது. ஆனால் பெயர் போன வேகத்தில் முறை போகவில்லை. மூல நூல் இத்தாலிய மொழியில் இருந்தது. பெரும்பாலோர் பாட நூலில் வரைந்த படத்தைப் பார்த்தும், மூத்தவர் செய்வதைப் பார்த்தும் கற்றனர். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது ஒரு படி உதிர்ந்தது. பின்சுவர்ப் படலத்தை வெட்டித் திறக்கும் அந்த முக்கியமான படிதான் அது! அடியில் பெரிய இரத்தக் குழாய்களும் சிறுநீர்ப் பையும் இருக்கின்றன, வீணாக எதற்கு ஆபத்து என்று பலர் அதை விட்டுவிட்டனர். மேலாகத் தெரிந்த தசையை மட்டும் இழுத்துக் கீழே தைத்தனர். இழுத்துத் தைத்த தசை விறைப்பாகவே நிற்கும். நாளடைவில் தையல் அறுத்துக்கொண்டு வரும். சாதாரண மருத்துவமனைகளில் மீண்டும் இறங்குவோரின் எண்ணிக்கை பத்து விழுக்காட்டைத் தாண்டியது. ஆனாலும் சீட்டில் எழுதும் பெயர் பசினி என்றே இருந்தது. அம்மாவின் மீன் குழம்பு என்று சொல்லிப் புளி போடாமல் வைத்தால் பழி யாருக்கு?

பசினியின் உதவியாளராக இருந்து பின்னர் ஜெனோவாவில் பேராசிரியரான அத்திலியோ கத்தெரினா இதைக் கண்டு பொறுக்கவில்லை. ஆசிரியர் செய்தது என்ன என்பதை ஒவ்வொரு படியாக வண்ணப் படங்களோடு விளக்கி 1930களில் நூல் வெளியிட்டார். ஆங்கிலத்திலும் அது வந்தது. ஆனால் தவறான பழக்கம் அதற்குள் ஊறிப்போயிருந்தது.

அந்தப் படி மீண்டும் உயிர் பெற்றது கனடாவில். டொரோண்டோவில் ஏர்ல் ஷோல்டைஸ் என்பவர் 1945இல் குடலிறக்கத்திற்கென்றே தனி மருத்துவமனை தொடங்கினார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் அமைத்துக்கொண்ட முறையில் பின்சுவர்ப் படலத்தைத் திறந்து, எஃகுக் கம்பியால் அடுக்கடுக்காகத் தைத்தனர். அடிப்படையில் அது பசினியின் உண்மையான அறுவைதான். அங்கே மீண்டும் இறங்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஒரே அறுவையை ஒரே விதமாக, எந்தப் படியையும் விடாமல் செய்துவந்ததும், போன நோயாளிகளை ஆண்டுதோறும் விசாரித்துவந்ததும் அந்தப் பலனுக்குக் காரணம்.

பிறகு வலை வந்தது. செயற்கை இழையால் நெய்த சிறு வலையை இழுப்பு இல்லாமல் பின்சுவரின் மேல் பதித்துத் தைக்கும் முறையை லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980களில் பரப்பினார். 1990களில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே செய்யும் முறையும் சேர்ந்துகொண்டது. இப்போது அறுவை மருத்துவரின் முன்னால் பல வழிகள். எதைத் தேர்வது? அவரவர் ஆசிரியர் கற்பித்ததையா?

இந்த இடத்தில்தான் நடைமுறை வழிகாட்டிகள் நுழைகின்றன. சுவீடன் 1992இலும் டென்மார்க் 1998இலும் குடலிறக்க அறுவைகளுக்கென நாடளாவிய பதிவேடுகளைத் தொடங்கின. எந்த மருத்துவமனையில் எந்த முறை, எத்தனை பேர் திரும்ப வந்தனர் என்பதெல்லாம் பதிவாயின. தம் மருத்துவமனையின் எண்ணிக்கையை அடுத்த ஊரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்தான் பலர் பழைய தையலைக் கைவிட்டு வலைக்கு மாறினர். ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2009இல் வழிகாட்டி வெளியிட்டது. 2018இல் பல கண்டங்களின் வல்லுநர்கள் கூடி உலகளாவிய வழிகாட்டியைத் தந்தனர். பெரும்பாலோருக்கு வலையே ஏற்றது என்று அது பரிந்துரைக்கிறது. வலை வேண்டாம் என்றாலோ கிடைக்கவில்லை என்றாலோ ஷோல்டைஸ் முறையைச் சொல்கிறது. பசினியின் பெயரில் நடக்கும் பழைய தையல் அந்தப் பரிந்துரையில் இல்லை. ஒப்பீடுகளில் தோற்ற பசினி முறைகளில் எத்தனை உண்மையான பசினி என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. ஆயினும் பெயர் விலகிப் பேரப்பிள்ளை அமர்ந்திருப்பது அவருக்குக் குறைவில்லை.

வழிகாட்டி என்பது கத்தியை எடுக்கச் சொல்வது மட்டுமன்று, கீழே வைக்கவும் சொல்லும். வலியில்லாத குடலிறக்கமுள்ள 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. உடனே அறுக்காமல் கவனித்து வந்தாலும் குடல் நெரிபடுவது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு என்று அது காட்டியது. ஆகவே தொந்தரவில்லாதவர் காத்திருக்கலாம் என்று இன்று சொல்கிறார்கள். அப்படிக் காத்திருந்தோரில் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் வலி காரணமாக அறுவைக்கே வந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலை வைத்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு நீண்டநாள் வலி தங்கிவிடுவதை அதே வழிகாட்டி மறைக்கவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளியின் தன்மையையும் நோயின் அளவையும் காலத்தையும் சேர்த்து எண்ணச் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது.

விலையும் ஒரு சிக்கல். நிறுவனங்கள் விற்கும் வலை ஏழை நாடுகளுக்கு எட்டாது. கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் சில மருத்துவர்கள் முன்பே செய்து காட்டினர். உகாண்டாவில் 302 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டு முடிவில் கொசுவலைத் துணி வைத்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் மீண்டும் இறங்கியிருந்தது. 2018 வழிகாட்டி அதையும் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு பல நோய்களுக்கு நடைமுறை வழிகாட்டிகளை வெளியிட்டு வருகிறது. மருத்துவ மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். படிப்பதற்கும் நள்ளிரவில் அறுவைக் கூடத்தில் செய்வதற்கும் இடையே எந்தப் படி உதிர்கிறது என்பதை அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்கு முதலில் அறுவை செய்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் கற்றதைச் செய்திருப்பார். ஆனால் தாத்தா இரண்டாம் முறை வேறு மருத்துவமனைக்குப் போனார் அல்லவா? முதல் மருத்துவமனைக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. மூன்றாம் முறை இறங்கியது இரண்டாவது மருத்துவமனைக்கும் தெரியாது. யாரும் அவருக்குக் கடிதம் போட்டு விசாரிக்கவில்லை. இரண்டு மருத்துவமனைகளின் ஏட்டிலும் அவர் குணமடைந்து வீடு திரும்பியவர்.